ரப்பருக்கு எது ஒரிஜினல்?

காஞ்சிபுரத்தில் நண்பர் ஒருவர். பட்டுச்சேலை வியாபாரம். அப்பா விட்டுப்போன கான்டெஸாவை மறுபடி ஓடவைத்திருக்கிறார். 'தை மாசம் பொண்ணு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு இதுலதான். ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க' என்றார்.

கான்டெஸா உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 1984-ல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் இறக்கியது. வாக்ஸால் உடம்பு, அம்பாஸடரின் 1.5 லிட்டர் இன்ஜின். பயில்வானுக்குள் சவலைப்பிள்ளை! பிற்பாடு இசுசுவின் 1.8 லிட்டர் இன்ஜின் வந்துதான் வண்டிக்கு உயிரே வந்தது. 2002-ல் நிறுத்திவிட்டார்கள். நம்ம ஊர் 'மசில் கார்' என்றால் இன்றைக்கும் இதுதான்.

வண்டி பளபளவென்று இருந்தது. ஸ்டார்ட் பண்ணினால் டாஷ்போர்டு தந்தியடிக்கிறது. காரணம், புதிதாகப் போட்ட இன்ஜின் மவுன்ட். இரும்புத் தகடுகள், நடுவே ரப்பர், அவ்வளவுதான் சமாசாரம். ரப்பர் இறுகினால் உதறல் உள்ளே வரும். தொளதொளத்தால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் புரளும். நண்பர் வாங்கியது நகல். துளை, வளைவு எல்லாம் அச்சு அசல். ரப்பர் மட்டும் லாரி டயர்!

'பெட்டி பிரிக்காத பழைய ஒரிஜினல் இருக்காம், வாங்கவா?' என்றார்.

வேண்டாம் என்றேன். நான் பி.காம். ஓடாத மெஷினுக்கும் தேய்மானம் எழுதிப் பழகியவன். பெட்டியில் தூங்கினாலும் ரப்பருக்கு வயசாகும்.

தவிர, ஒரிஜினல் என்றாலே உத்தமமா? 1971-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 67 லட்சம் ஷெவர்லே வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மவுன்ட்டில் ரப்பர் பிரிந்தால் இன்ஜின் எழும்பி ஆக்ஸிலேட்டரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் அபாயம். கமாரோவும் அதில் அடக்கம். இன்ஜின் எகிறாமலிருக்கக் கம்பி வடம் போட்டுக் கட்டினார்கள். இன்று அந்த வண்டிகளைப் புதுப்பிக்கிற விவரமானவர்கள், ரப்பர் பிரிந்தாலும் இரும்போடு இரும்பு கோத்துக்கொள்ளும் மவுன்ட்டாகத் தேடிப் போடுகிறார்கள். நகல்தான். ஆனால் அசலின் தப்பைத் திருத்திய நகல்.

ஆகவே வாசகர்களே, பழைய வண்டி வைத்திருந்தால் உருவத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ரப்பரின் கெட்டித்தன்மைக்கு 'ஷோர்' என்று ஓர் அளவு உண்டு. விற்கிறவரிடம் அந்த நம்பரைக் கேளுங்கள். முழித்தால் வேறு கடை பாருங்கள்.

நண்பரிடம் கேட்டேன்: 'ஜரிகையைச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் இருக்கான்னு பார்க்கிற ஊர் சார் இது. மவுன்ட்டை மட்டும் ஏன் மேலாகப் பார்த்து வாங்கினீங்க?'

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை அழைப்பில் அந்த வண்டிக்கு முன்னால் நாதஸ்வரம் போகும். குழந்தைகள் போகும்.