மூங்கிற் பந்தலின் முதுமை

பெரியாழ்வார் மாலை தொடுப்பதற்கென்று நந்தவனம் வளர்த்ததும், அதன் துளசிச் செடியருகே ஆண்டாளைக் கண்டெடுத்ததாக ஐதிகம் வழங்குவதும் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயாதலால், அவ்வூரிலும் அண்டையிலுள்ள ராஜபாளையத்திலும் பூவுக்குப் பணிசெய்கிற எப்பொருளுக்கும் ஒரு கௌரவம் உண்டு. அந்தக் கௌரவத்துக்குப் பூரண பாத்திரமானது, முல்லைக்கும் அவரைக்கும் தோள்கொடுத்து நிற்கும் மூங்கிற் பந்தல்.

பந்தலின் ஆயுள் கழியை வெட்டும்போதே நிர்ணயமாகிவிடுகிறது. மூன்று நான்கு வயது முற்றிய, உட்குழி சிறுத்த கல்மூங்கிலே காலுக்கு உத்தமம். குருத்துவிடும் மழைக்காலம் கழிந்தபின் அதை வெட்டி, சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் உலர்த்தினால், உள்ளிருக்கும் மாவுச்சத்துக் கரைந்து, அதை நாடி வண்டு துளைக்கும் உபத்திரவம் பெரிதும் குறையும். மேற்கே தெரியும் மலை, சாம்பல் நிற அணில்களுக்காக 1988இல் சரணாலயமாகி, 2021இல் புலிகள் காப்பகத்தில் சேர்ந்ததாகையால், கழிக்கு அங்கே போகலாகாது. பட்டா நிலத்து மூங்கிலைத்தான் நாடவேண்டும். 2017இல் வனச் சட்டம் திருத்தப்பெற்று, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் மரமென்னும் வரையறையிலிருந்து விலக்கப்பட்டது அதற்கு அனுகூலமாயிற்று.

மூங்கிலின் புறத்தோல் மழையை எளிதில் உள்ளே விடாது. வெட்டுவாயும் வெடிப்புமே அதன் பலவீனங்கள். ஆகவே கைதேர்ந்தவர், காலின் உச்சியைக் கணுவை ஒட்டி, கிண்ணம்போல் நீர் தேங்க இடம்விடாமல் அறுப்பார். அடியை மண்ணில் புதையாமல், ஊன்றிய கல்லுக்காலோடு ஒரு சாண் உயரத்தில் சேர்த்துக் கட்டுவார். ஆணி அடித்தால் கழி நெடுகப் பிளக்குமென்பதால் தேங்காய் நார்க் கயிற்றையே நம்புவார். ஈரம் சற்று மிஞ்சிய கழி காயக் காய இளைக்குமாதலால், முதற் கோடை முடிவில் வந்து நெகிழ்ந்த கட்டுகளை மறுபடி இறுக்கியும் தருவார்.

இவ்வளவு பக்குவத்தோடு நிறுத்திய பந்தலில் காலம் செய்யும் சித்திர வேலையே என்னை வசீகரிப்பது. பச்சை மாறி வைக்கோல் நிறமும், பின் தேனின் வர்ணமும் கொள்ளும் கழியில், நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் என்னும் பொருளை வெயில் சிதைக்க, சிதைந்ததை ஐப்பசி மழை கழுவிச் செல்ல, மேற்புறம் வெள்ளிச் சாம்பலாகிறது; கொடியின் நிழலில் மறைந்த அடிப்புறமோ பழைய பொன்னிறத்தை நெடுநாள் காக்கிறது. ஒரே கழியில் இரு பருவங்களைக் காணும் இந்த சௌந்தரியம், வர்ணம் பூசிய இரும்புக் குழாய்க்கு வாய்ப்பதில்லை.

வெட்டவெளியில் நிற்கும் மூங்கில் சில ஆண்டுகளில் இற்றுப்போவது அதன் சுபாவம். அதைக் குறையென்று எண்ணி வருந்துவதற்கில்லை. பந்தற்கால் தளர்கிற அந்தக் காலத்துக்குள், தோட்டத்து மூலையில் நிலைகொண்ட மூங்கிற்குத்தில் அன்று குருத்தாக இருந்தது முற்றிய கழியாகிவிடும். ஆதலால் பந்தல் போட விரும்புவோர் ஒரு மூங்கிற்குத்தையும் வளர்ப்பாராக. பழுதுபார்க்கக் கழியும், கட்டக் கற்ற கையும் அந்தத் தோட்டத்தில் என்றும் குறைவுபடா.