அந்த முக்கால் நொடி

ஹாலிவுட்டின் ஊமைப் படக் காலத்துக் குழந்தை நட்சத்திரங்களைப் பற்றி யார் பேசினாலும் ஒரே பல்லவிதான்: கொள்ளை அழகு, குறும்பு, சொன்னதைக் கேட்கிற சமத்து. இதில் கடைசிச் சொல்தான் எனக்கு ஆறவில்லை. அதிலும் ஒரு சிறுமியைப் பற்றி அப்படிச் சொல்லும்போது கோபமே வருகிறது. அந்தக் காலப் படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறவர்களுக்கு அவள் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பேபி பெக்கி. நெற்றியில் நேராக வெட்டிவிட்ட கறுத்த முடி. அதன் கீழே கரிய பெரிய கண்கள். 1918-ல் பிறந்து, பத்தொன்பது மாதக் குழந்தையாக சன்செட் பூலவார்டில் இருந்த செஞ்சுரி ஸ்டுடியோவுக்குப் போனவள். 1924-க்குள் சுமார் 150 குறும்படங்களில் நடித்து முடித்துவிட்டாள்.

அவளுடைய அப்பா கௌபாய் படங்களில் டூப் போட்டவர். மகளின் வெற்றிக்குக் கீழ்ப்படிதல்தான் காரணம் என்று அவரே நம்பினார். விமர்சகர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஊமைப் படத்தில் ஒலிப்பதிவு கிடையாது. கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே இயக்குநர் பக்கத்தில் நின்று ‘கதவைப் பார், திரும்பு, சிரி’ என்று கத்தலாம். ஆகவே அவர் ஆட்டிவைத்தார், குழந்தை ஆடியது என்று கணக்கை முடித்துவிடுகிறார்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி. ‘திரும்பு’ என்று கட்டளையிடலாம். எதை முதலில் திருப்புவது, எங்கே நிறுத்துவது, எப்போது விடுவது என்பதையெல்லாம் யார் கத்திச் சொல்ல முடியும்? கட்டளையைக் கேட்டு உடனே பணிகிற குழந்தையைக் கவனியுங்கள். கண்ணும் கழுத்தும் தோளும் ஒன்றாகத் திரும்பும். பொம்மையைத் திருப்பியதுபோல இருக்கும். அந்தக் காலப் படங்களில் மற்றக் குழந்தைகளிடம் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இவள் அப்படி இல்லை. முதலில் கண் மட்டும் போகும். போய் நிற்கும். உடம்பு அசையாது. நமக்கே ‘அட, திரும்பேன்’ என்று தோன்றுகிற கட்டத்தில்தான் தலை திரும்பும். நல்ல மட்டையாளர் பந்தைக் கடைசி நொடிவரை வரவிட்டு ஆடுவாரே, அந்த மாதிரியான காத்திருப்பு.

அன்றைய பிலிம் நீலக் கண்களை வெளிறடித்துவிடும். இவளுக்குக் கரிய கண்கள். பார்வை போய் நிற்பது பளிச்சென்று தெரிந்தது. அது அதிர்ஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். அதிர்ஷ்டம் கண்ணைக் கொடுத்தது. காத்திருப்பை அவள்தான் கொண்டுவந்தாள்.

அப்படியானால் இத்தனை பேர் ஏன் இதைப் பார்க்கவில்லை? அவர்களை முழுக்கக் குறைசொல்ல மாட்டேன். அன்றைய கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்குப் பதினாறு ஃபிரேம், பதினெட்டு, இருபது என்று வேகம் மாறும். பிற்பாடு அதே படங்களை, பேசும் படத்தின் வேகமான நொடிக்கு 24 ஃபிரேமில் ஓட்டிவிட்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினாறில் எடுத்த பன்னிரண்டு ஃபிரேம் என்றால் முக்கால் நொடிக் காத்திருப்பு. இருபத்துநாலில் ஓட்டினால் அது அரை நொடியாகச் சுருங்கிவிடுகிறது. நிதானம் வெட்டுப்பட்டு வெறும் துள்ளல் மிஞ்சுகிறது. பார்க்கிறவர் ‘குறும்பு’ என்று எழுதிவிட்டுப் போகிறார். நகைச்சுவைக் குறும்படங்களை வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி வேகம் கூட்டியதும் உண்டு. அதனால்தான் என் கட்சிக்கு 1924-ல் வந்த ‘கேப்டன் ஜனவரி’ முழுநீளப் படத்தைச் சாட்சிக்கு அழைக்கிறேன். கடல் கொண்டுவந்து சேர்த்த குழந்தை, வளர்க்கும் கலங்கரை விளக்கக் காவலர், பிரிக்க வரும் உறவினர் என்று கதை கண்ணீருக்கே கட்டியது. அதற்குள்ளும் அவள் அவசரப்படவில்லை.

இன்னொரு சாட்சி, பெரிய நடிகைகளைப்போல் நடித்துக் காட்டிய அவளுடைய கேலிப் படங்கள். 1923-ல் வந்த ‘கார்மென் ஜூனியர்’ அப்படியொன்று. காதலும் வஞ்சமும் அந்த வயதில் என்ன புரியும்? ஆனால் ஒரு நடிகை இமையைத் தாழ்த்துவதற்கு முன் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறாள் என்பது அவளுக்குப் பிடிபட்டிருக்கிறது. இதைக் கட்டளைபோட்டு வரவழைக்க முடியாது.

அதே ஆண்டு ‘தி டார்லிங் ஆஃப் நியூயார்க்’ படத்துக்காக, எரிகிற அறையிலிருந்து அவள் தனியாக வெளியேற வேண்டியிருந்தது. எந்தக் குழந்தையையும் அந்த அறைக்குள் விட்டிருக்கவே கூடாது. வெளியேறி வந்தவளை ‘சொன்னபடி செய்தாள்’ என்று இன்னும் எழுதுகிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆறு வயதோடு ஆட்டம் முடிந்ததற்கும் ‘வளர்ந்துவிட்டாள், கவர்ச்சி போய்விட்டது’ என்றே சொல்கிறார்கள். நடந்தது வேறு. ஆண்டுக்கு 15 லட்சம் டாலர் என்ற அளவுக்கு ஒப்பந்தம் பேசப்பட்டவள் அவள். 1925-ல் அப்பாவுக்கும் தயாரிப்பாளருக்கும் சம்பளத் தகராறு வந்து ஒப்பந்தம் முறிந்தது. மற்றக் கதவுகளும் சாத்திக்கொண்டன. பிறகு ஊர் ஊராக வாட்வில் எனும் பல்சுவை மேடை. ஒரு காட்சிக்கு அவள் கையில் கொடுத்தது ஐந்து சென்ட். சம்பாதித்ததில் எதையும் அவளுக்கென்று எடுத்துவைக்கவில்லை. குழந்தை நடிகர்களின் வருமானத்தைக் காக்க கலிபோர்னியா முதல் சட்டம் போட்டதே 1939-ல்தான். பதினைந்து சதவீதம் கட்டாயமாக ஒதுக்க வேண்டும் என்றானது 2000-ல்.

1926-ல் செஞ்சுரி ஸ்டுடியோ தீப்பற்றியதில் அவளுடைய படங்களில் பெரும்பகுதி போய்விட்டது. ஆனாலும் நான் நம்பிக்கையோடு இருக்கிறேன். ஐரோப்பாவுக்கு அனுப்பிய பிரதிகள் பல திரும்பி வரவில்லை. அடுத்த பத்தாண்டுகளில் ஏதாவது ஒரு ஆவணக் காப்பகத்துத் தகர டப்பாவிலிருந்து இன்னும் இரண்டு மூன்று குறும்படங்களாவது வெளியே வரும். நடிப்புப் பள்ளிகள் அவளைப் பாடமாக வைக்கும். குழந்தைகளை வைத்துப் படம் எடுக்கிற இயக்குநர்கள் கத்துவதை விட்டுவிட்டு, காத்திருக்கக் கற்றுக்கொள்வார்கள். 101 வயது வரை வாழ்ந்து 2020-ல் மறைந்த அவர் அதையெல்லாம் பார்க்க இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

இன்னும் ஒன்று. அந்தப் படங்களைச் சரியான வேகத்தில், நிறைந்த அரங்கில், ஒரு பியானோ வாசிப்போடு போடுவார்கள். அன்று முதல் சிரிப்பு அவள் தலை திரும்புவதற்கு முன்பே எழும். கண் மட்டும் போய் நிற்கிற அந்த இடத்தில். பந்தயம் கட்டத் தயார்.