வழக்கு இல்லாத சட்டப் பாடம்

நம் பள்ளி வரலாற்றுப் பாடத்தில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1773 ஒழுங்குமுறைச் சட்டம், 1784 பிட் இந்தியச் சட்டம், 1919 ரௌலட் சட்டம், 1935 இந்திய அரசுச் சட்டம் என்று ஆண்டோடு உருப்போடாமல் பத்தாம் வகுப்பைத் தாண்ட முடியாது. ஆனால் அந்தப் பட்டியலில் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. சட்டம் மேலிருந்து இறங்குகிறது, மக்கள் ஏற்கிறார்கள் அல்லது எதிர்க்கிறார்கள், பாடம் முடிந்துவிடுகிறது. நீதிமன்றமோ குடிமையியல் பகுதியில், மாவட்டம், உயர், உச்சம் என்று அடுக்கிய படமாகத் தனியே கிடக்கிறது. வரலாற்று வகுப்பில் சட்டமும் கற்பிக்க வேண்டும் என்ற கோரிக்கை இதனால்தான் எனக்குப் பாதிச் சரியாகப் படுகிறது. சட்டம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. அதன்மேல் நடந்த வழக்குதான் இல்லை.

வழக்கு உள்ளே வந்தால் என்ன மாறும் என்பதற்குச் சம்பகம் துரைராஜன் வழக்கு போதும். வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று தீர்ப்பானது, 1951இல் அரசியல் சட்டம் முதன்முறை திருத்தப்பட்டது என்பது வழக்கமான ஒற்றை வரி. வழக்கைத் திறந்தால், கல்லூரிச் சேர்க்கையில் ஒவ்வொரு 14 இடத்தையும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனருக்கு 2, கிறித்தவர்–ஆங்கிலோ இந்தியருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 எனப் பங்கிட்ட கணக்கு கண்முன் வரும். மனுதாரர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்பதும் தெரியவரும். விண்ணப்பிக்காதவர் எப்படி வழக்குப் போட முடியும் என்று கேட்கும் மாணவர் நீதித்துறையின் வாசலுக்கே வந்துவிட்டார். ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மறுத்ததை ஜூனில் நாடாளுமன்றம் 15(4) பிரிவாக எழுதிச் சேர்த்தது. தீர்ப்போடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் காட்டாது.

மாவட்டம், உயர், உச்சம் என்ற அந்த அடுக்குப் படம் எவ்வளவு குறைபட்டது என்பது சென்னைப் புறநகரின் நூம்பல், வேலப்பன்சாவடிப் பிள்ளைகளுக்குப் பக்கத்து ஊரிலேயே தெரியும். ராஜீவ் காந்தி கொலை வழக்கின் விசாரணை, பூந்தமல்லியில் அமைந்த தனி நீதிமன்றத்தில், பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின் கீழ், மூடிய அறையில் நடந்தது. 1998 ஜனவரி 28 அன்று குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்கு. மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தைத் தொடாமல் நேரே தில்லிக்குப் போனது. தடா அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்து, மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்து, நால்வருக்கு மட்டும் தூக்கை உறுதி செய்தது. தடாவின் பயங்கரவாதக் குற்றம் இவ்வழக்கில் பொருந்தாது என்றும் சொன்னது. ஆனால் தடா இருந்ததால் மட்டுமே சாட்சியமாக ஏற்கப்பட்ட, காவல்துறை அதிகாரி முன் தந்த வாக்குமூலங்கள் நிலைத்தன. அந்த நால்வரில் ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை. அவர்கள் தண்டனையும் ஆயுளாகக் குறைந்து, 2022க்குள் ஆயுள் கைதிகள் அனைவரும் விடுதலையானார்கள். ரௌலட் சட்டத்தைக் கருப்புச் சட்டம் என்று படிக்கும் மாணவரை அதையும் தடாவையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்லலாம். தனி நீதிமன்றம், மூடிய அறை எனச் சில ஒத்துப்போகும். மேல்முறையீடு ஒத்துப்போகாது: ரௌலட் அதை மறுத்தது, தடா தந்தது. அந்த ஒரு வேறுபாட்டில் 22 பேரின் உயிர் இருந்தது.

ரணம் ஆறாத வழக்கை வகுப்பறைக்குக் கொண்டுவந்தால் ஆசிரியர் கட்சிக்காரர் ஆகிவிடுவார் என்பது வலுவான மறுப்பு. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவோடு இறந்தவர்களின் குடும்பங்களும் இதே வட்டாரத்தில் இருக்கக்கூடும் என்பதால் அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் யார் குற்றவாளி என்று வகுப்பு தீர்மானிக்க வேண்டியதில்லை. எந்தச் சாட்சியம் எந்தச் சட்டத்தால் ஏற்கப்பட்டது என்பது மட்டும் கேள்வியானால், கட்சி கட்டும் இடம் சுருங்கும். பாடச்சுமை என்ற மறுப்பு அவ்வளவு கனமானதில்லை. ஆண்டுக்கு ஒரு வழக்கு, அதற்கு ஈடாக ஐந்தாறு சட்டங்களின் ஆண்டுகளைக் கைவிட்டால் போதும். தேர்வில் ஒரு மதிப்பெண் வினாக்கள் குறையும் என்பதுதான் உண்மையான கவலை. அது வினாத்தாள் தயாரிப்பவரின் கவலை.

இந்த முறைக்கு நான் விடை காணாத குறை வேறொன்று. நீதிமன்றப் படியேறியவர்களின் வரலாறே வழக்குகளில் கிடைக்கும். கைரேகைச் சட்டம் என்று மக்கள் அழைத்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு விரிந்தது. அதன்கீழ் கைரேகை பதியக் கட்டாயப்படுத்தப்பட்ட கள்ளர் சமூகத்தவர் எந்தத் தனிக் குற்றத்துக்கும் விசாரிக்கப்பட்டவர்கள் இல்லை. பிறப்பே போதுமான குற்றமாக இருந்தது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் எதிர்த்து நின்றவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. இங்கே வழக்கைத் தேடும் ஆசிரியர் வெறுங்கையோடு திரும்ப நேரலாம். சட்டத்தின் வாசகத்தையும் பதிவேட்டையும் ஊரார் நினைவையும் கொண்டுதான் இந்தப் பாடத்தை அவர் நடத்த வேண்டியிருக்கும்.