பட்டியலில் அடங்காத பால் வேறுபாடு: உச்சநீதிமன்றக் கையேடும் தமிழ் ஊடக மொழியும்

1. முன்னுரை

பால் பற்றிய வார்ப்புக் கருத்துகளைக் களையும் நோக்குடன் இந்திய உச்சநீதிமன்றம் 2023 ஆகஸ்டில் ஆங்கிலக் கையேடு ஒன்றை வெளியிட்டது. தவிர்க்க வேண்டிய சொற்களையும் அவற்றுக்கு ஈடாக ஆள வேண்டிய சொற்களையும் இரு நிரல்களாகத் தருவது அதன் முதன்மைக் கூறு. அது நீதிபதிகளையும் வழக்குரைஞர்களையும் கருதி எழுதப்பட்டது. எனினும் தீர்ப்புகள் செய்தியாகவே மக்களைச் சென்றடைவதால், இதழாளர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் அது பயன்படத்தக்கது. சொல்லுக்குச் சொல் மாற்றும் இம்முறை தமிழ் ஊடக மொழிக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

2. சொல்நிலை

இம்முறை பயன் தரும் இடங்கள் உள. 'கற்பழிப்பு' என்பது அவற்றுள் தலையாயது. இந்திய தண்டனைச் சட்டமும், 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் இக்குற்றத்தைப் பெண்ணின் இசைவின்மையைக் கொண்டே வரையறுக்கின்றன. தமிழ்ச் சொல்லோ இழப்பைப் பாதிக்கப்பட்டவரின் ஒழுக்கத்தின்மேல் ஏற்றுகின்றது. குற்றம் ஒருவன் செய்தது, களங்கம் மற்றொருத்திக்கு. 'பாலியல் வன்கொடுமை' என்னும் வழக்கு இதழ்களில் பரவியிருப்பது வெறும் சொல் மாற்றமன்று, பொருண்மைத் திருத்தமாகும். 'கள்ளக்காதல்', 'விபசார அழகி' ஆகியனவும் இவ்வாறு விலக்கத்தக்கனவே.

ஆயின் 'ஹவுஸ்வைஃப்' என்பதை விலக்கி 'ஹோம்மேக்கர்' என ஆளுமாறு கையேடு கூறுமிடத்துத் தமிழில் இடர்ப்பாடு தோன்றுகின்றது. முன்னது மனைவி என்னும் உறவையும் பின்னது இல்லத்தை உருவாக்கும் செயலையும் சுட்டும். பின்னதற்குப் பால்குறி இல்லை. தமிழ் இதழ்கள் இரண்டனையும் 'இல்லத்தரசி' என்றே பெயர்க்கின்றன. இச்சொல் உயர்வு தருவதுபோல் தோன்றினும், உழைப்பைச் சுட்டாது பதவியைச் சுட்டுகின்றது. வீட்டுப் பணியை ஏற்ற ஆணை இதனாற் குறிக்கவும் இயலாது. எனவே மூலத்தில் நிகழ்ந்த திருத்தம் பெயர்ப்பில் மறைந்துவிடுகின்றது.

3. இணையில்லாச் சொற்கள்

உள்ள சொல்லைப் பட்டியலிடலாம்; இல்லாத சொல்லைப் பட்டியலிட இயலாது. கணவனைப் பிரிந்து வாழும் பெண்ணுக்கு 'வாழாவெட்டி' என்னும் இழிசொல் உண்டு. மனைவியைப் பிரிந்தவனுக்கு அத்தகைய சொல் இல்லை. 'விதவை' அன்றாட வழக்கு. அதற்கு இணையான 'தபுதாரன்' அகராதியளவில் நின்றுவிட, 'மனைவியை இழந்தவர்' என்னும் தொடரே வழங்குகின்றது. பெண்ணுக்கு இழப்பு பெயராகின்றது. ஆணுக்கு அது நிகழ்ச்சியாகவே நிற்கின்றது.

4. விகுதியும் விளியும்

'கணவன்' என்பதற்குக் 'கணவர்' என்னும் உயர்வு வடிவம் இயல்பாக வழங்க, 'மனைவியார்' அருகியே வழங்குகின்றது. நாளிதழ்கள் வினைமுடிபில் இருபாலார்க்கும் பெரும்பாலும் -ஆர் விகுதியை ஆண்டு சமன் செய்துள்ளன. பெயரில் அச்சமன்மை ஏற்படவில்லை.

மொழிமாற்றப் படங்களிலும் விளம்பரங்களிலும் இச்சிக்கல் மேலும் கூர்மையடைகின்றது. ஆங்கிலத்தில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் 'யூ' என்றே விளிப்பர். தமிழில் நீ, நீங்கள் என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். கணவன் 'நீ' எனவும் மனைவி 'நீங்கள்' எனவும் பேசுவதே உரையாடல் எழுதுவோரின் பெருவழக்கு. மூலம் கூறாத ஏற்றத்தாழ்வைப் பெயர்ப்பு இங்குச் சேர்க்கின்றது. தமிழ்க் குடும்ப வழக்கு அதுவே என இதற்கு அமைதி கூறலாம். ஆனால் இளைய தம்பதியரிடையே இருவரும் 'நீ' என்று பேசும் வழக்கும் இன்று உண்டு. அதனை விடுத்துப் பழைய வழக்கையே இயல்பெனக் காட்டும்போது, ஊடகம் சமூகத்தைப் படியெடுப்பதோடு நில்லாது அதற்கு விதியும் வகுக்கின்றது.

5. ஆண்மீதான எதிர்பார்ப்பு

ஆண்களும் இதற்கு விலக்கல்லர். 'ஆண்மை' என்பது பால், துணிவு, புணர்ச்சி ஆற்றல் என்னும் மூன்றையும் ஒருசேரக் குறிக்கின்றது. வார இதழ்களில் வெளிவரும் 'ஆண்மைக் குறைவு' மருத்துவ விளம்பரங்கள் இப்பொருள் மயக்கத்தையே முதலாகக் கொள்கின்றன. உடற்குறை ஒன்று ஆளுமைக் குறையாக அச்சுறுத்தப்படுகின்றது. 'பேடி' என்பது கோழை எனப் பொருள்பட்டதும் இவ்வழிப்பட்டதே. பெண்தன்மை உடையவன் என ஓர் ஆணை இழித்துரைப்பதைக் கையேடும் விலக்குகின்றது. ஆனால் புகழ்ச்சியாக வழங்கும் 'ஆண்மை' அதே மதிப்பீட்டின் மறுபக்கம் என்பதைச் சொற்பட்டியல் காட்டாது.

6. முடிவுரை

மொழி மாறாது என்று அமைவதற்கு இடமில்லை. 'திருநங்கை' என்னும் சொல் அரசாலும் ஊடகத்தாலும் ஏற்கப்பட்டு, இழிசொற்கள் பலவற்றை ஒதுக்கி நிலைபெற்றது. 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பால், பாலினம் தொடர்பான கலைச்சொற்றொகுதியை அரசிதழில் வெளியிட்டதும் நோக்கத்தக்கது. எனவே உச்சநீதிமன்றக் கையேட்டின் தமிழாக்கம் மட்டும் போதாது. தமிழுக்கெனத் தனிக் கையேடு வேண்டும். அதில் இரு நிரல்களுடன் இணைச்சொல் இல்லாத இடங்களைக் காட்டும் மூன்றாம் நிரலும், விளியும் விகுதியும் பற்றிய நெறிமுறைகளும் இடம்பெறல் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் 'நீ', 'நீங்கள்' என்பவற்றுள் ஒன்றைத் தேரும்போதெல்லாம், அத்தேர்வு மூலத்திற்கு உரியதா தமக்கே உரியதா என வினவிக்கொள்ளுதல் அதற்கு முதற்படியாகும்.