காரணம் எழுதப்படாத ராஜினாமா

2025 ஏப்ரல் 27 அன்று ஆளுநர் மாளிகை வெளியிட்ட ஒரே அறிக்கையில் இரண்டு அமைச்சர்கள் பதவி விலகினார்கள். ஜாமீனா, பதவியா என்று உச்ச நீதிமன்றம் கேட்டதால் செந்தில் பாலாஜி போனார். பெண்களை இழிவுபடுத்தி மேடையில் சொன்ன ஓர் ஆபாசக் கதைக்காகப் பொன்முடி போனார் என்று நாமெல்லாம் புரிந்துகொண்டோம். அறிக்கையில் அது இல்லை. முதலமைச்சர் பரிந்துரைத்தார், ஆளுநர் ஏற்றார், இலாகாக்கள் கைமாறின, அவ்வளவுதான்.

அந்தக் கதையை இங்கே திரும்பச் சொல்ல மாட்டேன். ஒரு பாலியல் தொழிலாளியையும் அவரிடம் வந்த ஆணையும் வைத்து, சைவ வைணவ நெற்றிக்குறிகளை உடலுறவோடு இணைத்த சிரிப்பு அது. கண்டனங்களைப் படித்தபோது ஒன்று உறுத்தியது. பெரும்பாலானவை மதம் புண்பட்டதைத்தான் பேசின. பட்டைக்கும் நாமத்துக்கும் வாதாட ஆள் இருந்தது. கதைக்குள் இருந்த பெண்ணுக்கு? கனிமொழி கண்டித்தார், ஏப்ரல் 11இல் கட்சி துணைப் பொதுச்செயலாளர் பதவியைப் பறித்தது, பிறகு மன்னிப்பு அறிக்கை வந்தது. அப்போதும் அமைச்சர் பதவி இருந்தது. உயர் நீதிமன்றம் காவல்துறையைக் கேள்வி கேட்ட பிறகுதான் அதுவும் போனது.

இவருக்கு இது முதல் முறையும் அல்ல. 2022 செப்டம்பரில், பெண்கள் பஸ்ஸில் ‘ஓசி’யில் போவதாகப் பேசியவர் இவர். கொக்கிலமேட்டிலிருந்தும் தேவனேரியிலிருந்தும் மீன்கூடையோடு பஸ் ஏறும் பெண்களிடையே அந்தச் சொல் வெகுநாள் சுற்றியது. கண்டக்டர் முகம் சுளிப்பதற்குள், “ஆமா, நாங்க ஓசிதான், ஏத்து” என்று அவர்களே முந்திக்கொள்வார்கள். அந்தப் பேச்சுக்காக யாரும் விலகவில்லை.

“அதான் பதவி போச்சே மேடம், இன்னும் என்ன?” என்று செங்கல்பட்டில் என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டார். நியாயமான கேள்வி. நம் அமைச்சர்களுக்கும் ஒரு நடத்தை விதித்தொகுப்பு இருக்கிறது. சொத்து, தொழில், பரிசுப்பொருள் ஆகியவைதான் அதன் பெரும் கவலை. மாநில அமைச்சர்கள் அதன்படி நடக்கிறார்களா என்று பார்க்க வேண்டியவர் முதலமைச்சர். தன் கட்சிக்காரரை, தன் மந்திரியை, அவரே விசாரித்து அவரே தீர்ப்புச் சொல்ல வேண்டும். லோக் ஆயுக்தா ஊழலுக்கானது; மேடையில் பெண்ணைக் கேவலப்படுத்துவது ஊழல் கணக்கில் வராது.

பிரிட்டனில் பிரதமரின் ஆலோசகர் ஒருவர் விசாரித்து எழுதுகிறார். 2025 செப்டம்பரில் துணைப் பிரதமர் ஏஞ்சலா ரெய்னர், வீடு வாங்கியபோது முத்திரை வரியைக் குறைவாகக் கட்டிய விவகாரத்தில் விலகினார். விதி மீறப்பட்டது என்று லாரி மேக்னஸ் எழுதிய கடிதத்தை ஊரே படித்தது. அங்கேயும் கடைசி வார்த்தை பிரதமருடையதுதான். 2020இல் உள்துறை அமைச்சர் பிரீத்தி படேல் ஊழியர்களை மிரட்டும்படி நடந்துகொண்டார் என்று அலெக்ஸ் ஆலன் கண்டறிந்தும் போரிஸ் ஜான்சன் அவரை விடவில்லை. பதவி விலகியவர் ஆலன். இருந்தாலும் படேல் செய்தது இன்னதென்று எழுத்தில் நிற்கிறது. பொன்முடி செய்தது இன்னதென்று அரசின் எந்தத் தாளில் இருக்கிறது?

இந்தக் கேள்வியைச் செங்கல்பட்டில் இருந்து கேட்க எனக்குக் கூடுதல் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். 1929 பிப்ரவரியில் இங்கே கூடிய சுயமரியாதை மாநாடுதான் பெண்ணுக்குச் சொத்துரிமை, மணவிலக்கு உரிமை என்று தீர்மானம் போட்டது. பொன்முடி அந்த மரபின் பேச்சாளர். கடவுளைக் கிண்டலடிப்பது அம்மரபுக்குப் புதிதல்ல, எனக்கும் அதில் குறையில்லை. ஆனால் கிண்டலுக்கு எப்போதும் ஒரு பெண்ணுடம்பு ஏன் தேவைப்படுகிறது என்று அதன் உள்ளே இருந்து யாராவது கேட்டிருக்க வேண்டும்.

2025 அக்டோபர் 4இல் இதே மாவட்டத்தின் மறைமலை நகரில் திராவிடர் கழகம் சுயமரியாதை இயக்கத்தின் நூற்றாண்டு மாநாட்டை நடத்தியது, முதலமைச்சரும் பேசினார். நவம்பரில் பொன்முடி மீண்டும் கட்சியின் துணைப் பொதுச்செயலாளர் ஆனார். இந்த ஏழு மாதத்தில் என்ன மாறியது என்று கட்சியைக் கேட்கலாம். பறித்தபோதே காரணம் எழுதவில்லை. திருப்பிக் கொடுக்கும்போது எந்தக் காரணத்துக்குப் பதில் சொல்வார்கள்?