பேதியில் போனவர்கள்: கிருமி, தண்ணீர், அதிகாரம்

எங்கள் பக்கத்தில் யார் மேலாவது ஆத்திரம் வந்தால் ‘பேதியில போவான்’ என்பார்கள். ‘கழிச்சல்ல போவான்’ என்றும் உண்டு. ஒருவன் எப்படிச் சாக வேண்டும் என்று சபிக்கும்போது நோயைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்கிற அளவுக்கு அது ஊர் நினைவில் தங்கியிருக்கிறது. வாய் ஓயாமல் திட்டுகிற என் பாட்டி இந்த ஒரு சொல்லை மட்டும் யார் மீதும் பிரயோகித்ததில்லை. அவள் தம்பி சின்ன வயசில் வாந்திபேதியில் போனவன். ராத்திரி முழுக்க ‘தண்ணி, தண்ணி’ன்னு கேட்டுக்கிட்டே கெடந்தானாம். பேதிக்காரனுக்குத் தண்ணி குடுத்தா இன்னும் போகும் என்று யாரும் குடுக்கவில்லை. விடியறதுக்குள்ள போயிட்டான்.

எம்.ஏ. தமிழ் படித்தவனுக்குக் குடல் கிருமியோடு என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. நம்முடைய சிறுபத்திரிகைச் சூழலில் மருத்துவம் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இரண்டு வாக்கியங்கள் தயாராக வந்து நிற்கின்றன. ஒன்று, ஃபூக்கோவை வாசித்த நண்பர்களுடையது: நோய், கிருமி, சுகாதாரம் எல்லாமே உடல்களை ஒழுங்குபடுத்தும் நவீன அதிகாரத்தின் சொல்லாடல்கள். இன்னொன்று தோழர்களுடையது: கிருமி காரணமில்லை, வறுமைதான் காரணம். இரண்டையுமே நான் மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை யார் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று காலராவின் வரலாற்றை வாசித்தால் தெரிகிறது. அந்த வாசிப்புதான் இக்கட்டுரை.

1

ராபர்ட் கோக் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 1883 டிசம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தார். இறந்தவர்களின் குடலிலிருந்து, காற்புள்ளி போல வளைந்த கிருமியைத் தனியாகப் பிரித்தெடுத்து 1884இல் அறிவித்தார். நோயாளிகளின் துணி துவைக்கப்பட்ட ஒரு குளத்தின் தண்ணீரிலும் அதே கிருமியைக் கண்டார். (இத்தாலியில் ஃபிலிப்போ பாசினி 1854இலேயே இதைப் பார்த்து எழுதியிருந்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை.)

இந்தியாவை ஆண்ட வெள்ளை அரசாங்கம் இந்தக் கண்டுபிடிப்பைக் கொண்டாடியிருக்கும் என்றுதானே நினைப்போம்? நேர்மாறாக நடந்தது. அவர்கள் அதை மறுப்பதற்கென்றே ஒரு குழுவைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். காரணம் எளிது. 1866இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சர்வதேச சுகாதார மாநாடு, காலரா இந்தியாவிலிருந்து கிளம்பி யாத்ரீகர்கள் வழியாகவும் கப்பல் வழியாகவும் பரவுகிறது என்று முடிவு கட்டியிருந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஆளிடமிருந்து ஆளுக்கு, தண்ணீர் வழியாகத் தொற்றும் நோய் என்று ஒப்புக்கொண்டால் கப்பல்களைக் கடலிலேயே நிறுத்திவைக்க வேண்டும். வணிகம் தாங்காது. ஆகவே இந்திய அரசின் சுகாதார ஆணையராக இருந்த கன்னிங்ஹாம் போன்றவர்கள் காலரா தொற்றுவதில்லை, அந்தந்த இடத்து மண்ணும் காற்றும் அசுத்தமும் உண்டாக்குவது என்று விடாப்பிடியாக நின்றார்கள்.

‘கிருமி காரணமில்லை, சூழல்தான் காரணம்’ என்ற வாக்கியம் ஏகாதிபத்தியத்தின் வாயிலிருந்தும் வந்திருக்கிறது என்பதைத் தோழர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

இந்தக் கோட்பாட்டின் பெரிய மனிதர் மியூனிக் நகரத்தின் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர். அவர் அயோக்கியர் இல்லை. மியூனிக்கின் சாக்கடையும் குடிநீரும் சீரானதில் அவருக்குப் பெரிய பங்குண்டு. கிருமி மட்டும் நோயைக் கொண்டுவராது, மண்ணும் நிலத்தடி நீர்மட்டமும் கூடினால்தான் வரும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். நிரூபிப்பதற்காக 1892 அக்டோபரில் காலராக் கிருமி வளர்த்த திரவத்தைத் தானே குடித்தார். லேசான வயிற்றுப்போக்கோடு பிழைத்துக்கொண்டார். கோட்பாட்டுக்காக உயிரைப் பணயம் வைத்தவர் என்று மரியாதை செய்யலாம்.

ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் ஹாம்பர்க்கில் என்ன நடந்தது? வணிகர்களின் கையிலிருந்த அந்த நகரத்துக்குப் பெட்டன்கோஃபரின் கோட்பாடு உவப்பாக இருந்தது. எல்ப் ஆற்றுத் தண்ணீரை மணலில் வடிகட்டும் வேலை, செலவு பற்றிய சண்டையில் தள்ளிக்கொண்டே போயிற்று. காலரா வந்தபோதும் துறைமுகம் கெட்டுவிடுமே என்று உடனே அறிவிக்கவில்லை. சில வாரங்களில் சுமார் 8,600 பேர் செத்தார்கள். ஒட்டியே இருந்த ஆல்டோனா நகரம் ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த, இன்னும் கீழ்ப்பகுதித் தண்ணீரைத்தான் எடுத்தது. ஆனால் வடிகட்டி எடுத்தது. எல்லைத் தெருவில் ஹாம்பர்க் குழாய் இருந்த பக்கம் காலரா, ஆல்டோனா குழாய் இருந்த பக்கம் இல்லை. ஒரே மண், ஒரே காற்று, ஒரே வகை ஏழை ஜனங்கள். குழாய் மட்டும் வேறு.

2

சரி, அப்படியானால் கிருமிக் கோட்பாடு விடுதலை தந்துவிட்டதா? அதுவும் இல்லை. கிருமியைக் கண்டுபிடித்தவுடன் அதைச் சுமப்பவன் யார் என்ற விசாரணை ஆரம்பித்தது. ‘ஆசியக் காலரா’ என்ற பெயரிலேயே தீர்ப்பு எழுதப்பட்டிருந்தது. ஹஜ் யாத்ரீகன், பூரிக்கும் ஹரித்வாருக்கும் நடந்துபோகிறவன், கப்பலின் கீழ்த்தட்டுக் கூலி என்று எல்லோரும் நடமாடும் கிருமிகளாகப் பார்க்கப்பட்டார்கள். குழாய் போடாதவனின் குற்றம் தண்ணீர் குடித்தவன் தலையில் வந்து விழுந்தது. சொல்லாடல் பற்றிப் பேசும் நண்பர்கள் சரியாகத் தொட்ட இடம் இது.

பெயரின் அரசியல் பழைய காலத்தோடு முடிந்துவிடவுமில்லை. 1992இன் பிற்பகுதியில் சென்னையில் ஒரு விசித்திரமான காலரா கிளம்பியது. அதுவரை பெரும் கொள்ளைநோயை உண்டாக்கியதெல்லாம் ஓ1 என்ற ஒரே வகை. இது அதில் சேரவில்லை. தெரிந்திருந்த 138 வகைகளில் எதிலும் சேரவில்லை. பழைய காலராவுக்கு ஏற்கெனவே எதிர்ப்புசக்தி பெற்றிருந்த பெரியவர்களையும் அது விழுத்தாட்டியது. வேலூர், மதுரை, பிறகு கல்கத்தா, பங்களாதேஷ் என்று வங்கக் கடலோரமாகவே போயிற்று. ஆராய்ச்சியாளர்கள் ஓ139 என்று எண் கொடுத்தார்கள். கூடவே ‘பெங்கால்’ என்று ஒரு பெயரும் சேர்ந்தது. வங்கக் கடலை ஒட்டிய ஊர்களில் கிடைத்ததால் வைத்தது என்று விளக்கம். எண் போதாதா என்று கேட்கத் தோன்றுகிறது. நோய்க்கு ஒரு நிலப்பரப்பின் பெயர் ஒட்டிக்கொண்டால் அந்த நிலத்தின் மனிதன் மீது அது எத்தனை காலம் ஒட்டியிருக்கும் என்பது நமக்குத் தெரியும்.

பெயர் வைப்பதற்கு மறுபக்கமாகப் பெயர் சொல்லாமல் விடுவதும் உண்டு. 2016, 2017இல் சூடானில் ஜனங்கள் காலராவில் செத்துக்கொண்டிருந்தபோது அரசாங்கம் அந்தச் சொல்லை உச்சரிக்க மறுத்தது. ‘கடும் நீர் வயிற்றுப்போக்கு’ என்றே பதிவேட்டில் எழுதிற்று. ஹாம்பர்க் வணிகர்களின் அதே பயம்தான்.

3

இந்த இரண்டு சொல்லாடல்களுக்கும் வெளியே ஒரு பிரதி இருக்கிறது. 1959இல் நேச்சர் இதழில் வந்த, இரண்டு பக்கத்துக்குள் முடிந்துவிடும் ஒரு கட்டுரை. எழுதியவர் சம்புநாத் டே, கல்கத்தாவின் நோயியல் பேராசிரியர். இதை ஒரு இலக்கியப் பிரதியைப் போல நிதானமாக வாசிக்க வேண்டும் என்பேன்.

கோக்குக்குப் பிறகு முக்கால் நூற்றாண்டாக, காலராக் கிருமியின் விஷம் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்க வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டு பிராணிகளின் நரம்பிலும் வயிற்றறையிலும் ஊசி போட்டுத் தேடினார்கள். நோய் எங்கே நடக்கிறதோ அங்கே தேடவில்லை. டே முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு பக்கமும் கட்டினார். அதற்குள் முதலில் கிருமியைச் செலுத்திப் பார்த்தார் (1953). பிறகு கிருமியை முற்றிலும் வடிகட்டி எடுத்துவிட்டு, அது வளர்ந்த திரவத்தை மட்டும் செலுத்தினார். குடல் துண்டு தண்ணீர் நிறைந்து உப்பியது. நோயாளி போகிறாரே கழுநீர் மாதிரி, அந்தத் தண்ணீர். கிருமியே இல்லாதபோதும் அது விட்டுச்சென்ற நச்சு, குடலின் சுவரிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கிறது. அவ்வளவுதான் கட்டுரை.

அந்தக் கட்டுரை கேள்வியின் இடத்தையே மாற்றிவிட்டது. ‘யார் கொண்டுவந்தது’ என்பதிலிருந்து ‘என்ன போகிறது’ என்பதற்கு. போவது தண்ணீரும் உப்பும். கடுமையான நோயாளி ஒருவருக்கு மணிக்கு ஒரு லிட்டர்வரை போகலாம். மனிதன் சாவது வற்றிப்போய்தான். என் பாட்டியின் தம்பி சாகும்போது கேட்டதுதான் அவனுக்கு மருந்து.

டேயின் கதை நம் அறிவுச் சூழலின் கதையும்கூட. ஜோஷுவா லெடர்பெர்க் நோபல் பரிசுக்கு அவரை முன்மொழிந்தார் என்று பின்னால் தெரிந்தது. 1978இல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்கில் பேச அவரை அழைத்தார்கள். உள்ளூரில் பெரிய அங்கீகாரம் எதுவும் இல்லாமல் 1985இல் இறந்துபோனார். கரண்ட் சயன்ஸ் இதழ் 1990இல் அவருக்குச் சிறப்பிதழ் போட்டது. செத்தபிறகு சிறப்பிதழ் போடுவது நமக்கும் பழக்கமான காரியம்தானே.

4

1971. பங்களாதேஷ் போர். எல்லையில் பன்காவ் முகாமில் அகதிகள், காலரா, தரையெல்லாம் கழிச்சல். ஏற்ற சலைன் தீர்ந்துவிட்டது. திலீப் மஹலனபிஸ் என்ற மருத்துவர் ஒரு முடிவு எடுத்தார். கல்கத்தாவில் உப்பு, குளூக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் எடைபோட்டுப் பொட்டலம் கட்டி, முகாமில் தண்ணீரில் கரைத்து, நோயாளியின் சொந்தக்காரர்களையே குவளை குவளையாகக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். குளூக்கோஸ் கூடவே உப்பையும் குடல் உள்ளே இழுத்துக்கொள்ளும், உப்போடு தண்ணீரும் போகும். நச்சு இந்தப் பாதையை அடைப்பதில்லை. டாக்காவிலும் கல்கத்தாவிலும் மருத்துவமனைகளில் சோதித்துப் பார்த்திருந்ததுதான். ஆனால் நர்சு இல்லாத இடத்தில், படிக்காத ஜனங்கள் கையில் கொடுக்க முடியும் என்று யாரும் ஒப்புக்கொண்டதில்லை. சாவு நூற்றுக்கு முப்பது பேர் என்ற கணக்கிலிருந்து நாலுக்கும் கீழே வந்தது. இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று 1978இல் லான்செட் தலையங்கம் எழுதியது.

1980 முதல் பத்து ஆண்டுகள் பங்களாதேஷில் பிராக் அமைப்பின் பெண்கள் வீடு வீடாகப் போய், ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். மூணு விரல் நுனி உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணி. அளவுகோல் பெண்ணின் கையே. சொல்லிக்கொடுத்தவருக்குக் கூலி, கேட்ட பெண் எவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறாள் என்பதைப் பொறுத்து. அதிகாரமும் அறிவும் பிரிக்க முடியாதவை என்கிறோம். சரி. ஆய்வுக்கூடத்து அறிவு கைவிரலின் அளவுக்கு வந்துசேர்ந்த இந்த இடத்தில் அந்த அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

ரொம்பவும் குளிர்ந்துவிடவும் வேண்டாம். உப்பு வெல்லம் சாவைத் தடுக்கும், நோயைத் தடுக்காது. பங்களாதேஷில் பழைய சேலையை நாலாக, எட்டாக மடித்துத் தண்ணீரை வடிகட்டினால் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. அருமையான விஷயம். ஆனால் ஹாம்பர்க்காரனுக்கு மணல் வடிகட்டி, மத்லப் பெண்ணுக்கு அவள் சேலை. அவள் மடிக்க மறந்த நாளில் பிள்ளைக்குப் பேதி வந்தால் குற்றம் அவள்மேல் என்றாகிவிடும். எளிய வழிகளைக் கொண்டாடும் கட்டுரைகளில் குழாய் போட வேண்டியவன் சத்தமில்லாமல் நழுவிப்போகிறான்.

5

கடைசியாக ஹைட்டி. நிலநடுக்கத்தில் நொறுங்கிக் கிடந்த அந்த நாட்டில் 2010 அக்டோபரில் காலரா வெடித்தது. அதற்கு முன் அங்கே காலரா இருந்ததாகப் பதிவே இல்லை. ஐ.நா. அமைதிப்படையின் நேபாள முகாமிலிருந்து கழிவு ஆர்ட்டிபொனீத் ஆற்றின் கிளையில் கலக்கிறது என்று ஊர் ஜனங்கள் ஆரம்பத்திலிருந்தே சொன்னார்கள். ஐ.நா. மறுத்தது. யார் கொண்டுவந்தது என்பதை இப்போது ஆராய்வது முக்கியமில்லை என்று பெரிய மனிதர்கள் சொன்னார்கள். கடல் வெப்பம், பருவநிலை, சூழலிலேயே இருந்த கிருமி என்றெல்லாம் வாதம் வந்தது. பெட்டன்கோஃபர் எழுந்து வந்த மாதிரி. 2011இல் கிருமியின் மரபணு வரிசையை ஒப்பிட்டார்கள். நேபாளத்துக் கிருமியோடு அச்சாகப் பொருந்தியது. சுமார் பத்தாயிரம் பேர் இறந்தபின் 2016 டிசம்பரில் பான் கீ மூன் மன்னிப்புக் கேட்டார். நஷ்டஈட்டு வழக்கு ஐ.நா.வின் சட்டப் பாதுகாப்பில் மோதி நின்றுவிட்டது.

இங்கே ‘கிருமி ஒரு கட்டமைப்பு’ என்று நாம் சொல்லியிருந்தால் யாருக்கு உதவியிருப்போம்? வழித்தடம் தேடுவது 1866இல் யாத்ரீகனை நோக்கித் திரும்பியது. 2011இல் மேலே, சர்வதேசப் படையை நோக்கித் திரும்பியது. கருவி ஏறக்குறைய ஒன்றுதான். பிடித்திருக்கும் கையும் திரும்பும் திசையும் வேறு. அப்போதும் பழி சுமக்க வேண்டியது நேபாளத்து ஏழைச் சிப்பாயின் குடல் இல்லை, கழிவை ஆற்றில் விட்ட நிர்வாகம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இது தூரத்து விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயலில் பிள்ளைகளுக்கு வயிற்றுக் கோளாறு வந்து, தலித் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது வெளியே தெரிந்தது. அதன்பின் மரபணுச் சோதனைக்கு ரத்தம் கேட்கப்பட்டவர்களில் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களும் இருந்தார்கள். 2025இல் தாக்கலான குற்றப்பத்திரிகை அதே குடியிருப்பின் இளைஞர்கள் மூவரைக் காட்டியது. பல அமைப்புகள் அதை ஏற்கவில்லை. சோதனைக்கூடம் யார் கையை நீட்டச் சொல்கிறது என்ற கேள்வி நம் வாசலில்தான் நிற்கிறது.

ஆகவே நண்பர்களிடமும் தோழர்களிடமும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. விஞ்ஞானத்தைக் கட்டுடைப்பதற்கு முன்னால் அதை வாசிக்கவாவது வேண்டும். டேயின் இரண்டு பக்கத்தை வாசிக்காமல் மருத்துவ அதிகாரம் பற்றி இருபது பக்கம் எழுத நம்மால் முடிகிறது, எழுதியும் இருக்கிறோம். பேதியில் போகிறவனுக்கு முதலில் உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணி குடுக்கணும். அவன் எழுந்து உட்கார்ந்தபிறகு, குழாய் யார் போடவில்லை என்று சேர்ந்து கேட்கலாம். இரண்டையும் செய்யாத விமர்சனத்துக்கு நம் பத்திரிகைகளில் பக்கம் நிறைய இருக்கிறது. செத்தவர்கள் வீட்டில் அதற்கு வேலை இல்லை.