கஞ்சன் வீட்டு அடுப்படியிலிருந்து

கஞ்சன் கதை என்றாலே சிரிப்புக் கதை என்று நம்மைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். பெட்டி நிறையக் காசு வைத்துக்கொண்டு வயிற்றைக் காயப்போடுகிறவனைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். சரி, அவன்கிட்ட வேலை பாக்குறவன் வயிறு? பேர்பெற்ற மூன்று பிரதிகளை அந்த வயிற்றிலிருந்து வாசித்துப் பார்ப்போம்.

மொலியேரின் 'கஞ்சன்' நாடகம் 1668இல் பாரிசில் மேடையேறியது. ஹார்பகோன் 10,000 எக்கூ மதிப்புள்ள தங்கக் காசைத் தோட்டத்தில் புதைத்துவிட்டு நிம்மதி கெட்டு அலைகிறான். அவன் வீட்டில் சமையல்காரனும் வண்டிக்காரனும் ஒரே ஆள்தான்: ழாக். இன்னொரு வேலையாளின் சட்டையில் எண்ணெய்க் கறை. வேறொருவனின் கால்சட்டை பின்பக்கம் கிழிசல். விருந்து நாளிலும் புதுத்துணி கிடையாது. கறையைத் தொப்பியால் மறைச்சுக்கோ, கிழிசலைச் சுவரோடு ஒட்டி மறைச்சுக்கோ என்று உபதேசம்தான் கிடைக்கிறது. சபை சிரிக்கிறது. யாருடைய கிழிசலைப் பார்த்து? ஊர் பேசுவதை உள்ளபடி சொன்ன ழாக் அடி வாங்குகிறான். அதற்கும் சிரிப்புத்தான்.

பால்சாக்கின் 'யூஜெனி கிராந்தே' 1833இல் வந்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது பறிமுதலான திருச்சபை நிலங்களை அடிமாட்டு விலைக்கு வளைத்தவன் கிராந்தே. வாயைக் கட்டிச் சேர்த்த சொத்தல்ல அது. இதை மறைக்காமல் எழுதியது பால்சாக்கின் நேர்மை. வேறு யாரும் சேர்த்துக்கொள்ளாத நானோனை வேலைக்கு வைக்கிறான் கிராந்தே. அவள் உடம்பு வலுவைப் பார்த்துத்தான் வைக்கிறான். ஆண்டுச் சம்பளம் 60 லிவ்ர். அன்றாடம் ரொட்டியையும் மெழுகுவர்த்தியையும் அவனே அளந்து கொடுப்பான். இருபது வருசம் உழைத்தவளுக்குக் கிடைத்த பரிசு ஒரு பழைய கடிகாரம். இவளைப் 'பாசமுள்ள வேலைக்காரி' என்று பாராட்டும் விமர்சகர்கள் அந்த 60 லிவ்ரைக் கூட்டிப் பார்ப்பதில்லை.

டிக்கன்ஸின் 'கிறிஸ்துமஸ் கேரல்' 1843இல் வந்தது. குமாஸ்தா கிராட்சிட்டுக்கு வாரம் 15 ஷில்லிங். கரிப்பெட்டி முதலாளி ஸ்க்ரூஜின் அறையில் இருக்கும். இவன் மெழுகுவர்த்தியில் குளிர்காய வேண்டும். கடைசியில் ஆவிகள் வந்து ஸ்க்ரூஜைத் திருத்துகின்றன. வான்கோழி வருகிறது, சம்பளம் கூடுகிறது. கிராட்சிட் வாயைத் திறந்து கூலி கேட்கும் காட்சி மட்டும் இல்லை. கூலி உரிமை, முதலாளியின் மனமாற்றமாகச் சுருங்கிப் போகிறது.

உளவியலும் இதே பக்கம்தான் நிற்கிறது. பிராய்டு 1908இல் எழுதிய கட்டுரை, கஞ்சத்தனத்தின் வேரை மலத்தை அடக்கிவைக்கும் குழந்தைப் பருவத்தில் தேடியது. சரி, வெளியே வந்த மலத்தை அள்ளினது யாரு? அந்தக் கேள்வி அதில் இல்லை. காலங்காலமாக அள்ள வைக்கப்பட்ட நாம்தான் அதைக் கேட்க முடியும்.

கஞ்சத்தனம் ஒருத்தன் மண்டைக்குள் இருக்கும் கோளாறு மட்டுமல்ல. அடுத்தவன் தட்டில் குறையும் சோறும் அதுதான். மார்க்ஸ் 1867இல் 'மூலதன'த்தில் கஞ்சனையும் முதலாளியையும் ஒரே வரிசையில் நிறுத்தியது சும்மா இல்லை. கஞ்சனின் மனசை ஆராய்ந்த எழுத்து நிறைய வந்தாச்சு. நானோனின் கணக்கை அவள் கையால் எழுதும் எழுத்துதான் இன்னும் பாக்கி. எழுதுகிற தோழர்கள் அங்கிருந்து தொடங்கட்டும்.